ஃபைட்ல அடி எங்க விழுதுன்னு தெரியணும்: புது ஆக்‌ஷன் படங்க, அனிமேஷன், என் மனசுல இருக்குறது

முதல்வரிசை:

ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், இன்னைக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

போன வாரம் ஃப்ரெண்டோட ஒரு புது படத்துக்குப் போனேன். பேரு வேணாம். பெரிய ஹீரோ, பெரிய பட்ஜெட். இன்டர்வல் ஃபைட்டு மட்டும் ஏழெட்டு நிமிஷம் ஓடுது, தியேட்டர் ஃபுல்லா விசில். வெளிய வந்து டீ குடிக்கும்போது அவன்கிட்ட கேட்டேன், டேய், ஹீரோ எந்தப் பக்கமா உள்ள வந்தாரு, வில்லன் ஆளுங்க எத்தன பேரு இருந்தாங்க, கடைசில அந்த இரும்பு ராடு யார் கைல இருந்துச்சுன்னு. அவனுக்கு சொல்லத் தெரியல. எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் கண்ணு கொட்டாமதான் பாத்தோம், ஆனா ஒண்ணுமே மனசுல நிக்கல. கேமரா ஆடுது, கட் கட்டா ஓடுது, நடுவுல ஸ்லோமோஷன்ல தூசி பறக்குது, சவுண்டு மட்டும் காத கிழிக்குது. டேக்கன் மூணாம் பாகத்துல லியாம் நீசன் ஒரு கம்பி வேலிய தாண்டுவாரு ஞாபகம் இருக்கா? சில செகண்டு வேலை, அதுக்குப் பத்துக்கும் மேல கட்டு. அந்த வியாதி இப்ப நம்ம ஊருக்கும் வந்துருச்சு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. 2018ல வந்த ஸ்பைடர்மேன் இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ போன்ல போட்டேன். படத்தோட ஹீரோ பையன் மைல்ஸ் கட்டடத்து மேல இருந்து குதிக்கிற சீன் இருக்குல்ல, அத அம்பது தடவையாவது பாத்துருப்பேன், ஆனா அன்னைக்கு விரல வச்சு கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் பாத்தேன். அவன் குதிக்கிறான், ஆனா கண்ணாடில ஒட்டியிருந்த விரல் விடல. விரலோட சேந்து கண்ணாடியே பேந்துக்கிட்டு வருது. அந்தப் பையனுக்கு இன்னும் பயம் போகலன்னு, குதிக்கணும்னு முடிவு பண்ணதுக்கு அப்புறமும் கை மட்டும் பயப்படுதுன்னு ஒரு வசனம் கூட இல்லாம சொல்லிட்டாங்க. அடுத்து கேமராவ தலைகீழா வச்சிருக்காங்க, கீழ விழுறவன் மேல ஏறுற மாதிரி தெரியுறான். போன கைல வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். ஒரு ஆக்‌ஷன் சீன்ல எனக்கு வேணுங்கிறது இதுதான்.

சொல்ல வந்தது இதுதான். இன்னைக்கு உலகத்துல ஆக்‌ஷன் எடுக்கத் தெரிஞ்சவங்கன்னு நான் நம்புறது ரெண்டு கூட்டத்தத்தான். ஒண்ணு ஸ்டன்ட்ல அடிவாங்கி வளந்து டைரக்‌ஷனுக்கு வந்தவங்க. இன்னொண்ணு அனிமேட்டருங்க. அனிமேஷன பொம்மப் படம், சின்னப் பசங்களுக்குன்னு ஒதுக்கிட்டு இருக்குற ஆக்‌ஷன் ரசிகர்கள் பெரிய விருந்த விட்டுட்டு பட்டினி கெடக்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

சோடாமூடி:

ப்ரோ, முதல் பாதி நூத்துக்கு நூறு உண்மை. ரெண்டாவது பாதிய என்னால ஒத்துக்க முடியாது.

ஆக்‌ஷன்னா ஒரு மனுஷ உடம்பு இருக்கணும். அந்த உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு நம்ம வயித்துல ஒரு பிசை பிசையணும். 1985ல போலீஸ் ஸ்டோரில ஜாக்கி சான் அந்த மால்ல லைட்டு சுத்தின கம்பத்தப் புடிச்சு மேல இருந்து கீழ சறுக்கிட்டு வருவாரு, அத மூணு ஆங்கிள்ல திரும்பத் திரும்பக் காட்டுவாங்க, ஏன்னா அது நெஜமாவே நடந்துச்சு. கை வெந்துபோச்சு மனுஷனுக்கு. மிஷன் இம்பாஸிபிள் ஃபால்அவுட்ல டாம் க்ரூஸ் லண்டன்ல ஒரு கட்டடத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும்போது கணுக்கால் உடைஞ்சுருச்சு, உடைஞ்ச காலோட எந்திரிச்சு நொண்டிக்கிட்டே கேமராவ தாண்டிப் போறாரு, அந்த ஷாட்டையே படத்துல வச்சிருக்காங்க. வரைஞ்ச பொம்மைக்கு எலும்பு உடையுமா? எத்தன மாடில இருந்து வேணா தள்ளி விடலாம், அழிச்சிட்டுத் திரும்ப வரையலாம்.

விக்ரம் படத்துல ஏஜென்ட் டீனா சீன் வரும்போது தியேட்டர்ல இருந்தீங்களா? வீட்டு வேலை பாக்குறவங்கன்னு நாம நெனச்சிட்டு இருந்த ஒரு அம்மா திடீர்னு திரும்பி அடிக்கும்போது என் முன்னாடி சீட்ல இருந்த வயசான அம்மா ஒருத்தங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. அதுல நடிச்ச வசந்தி மேடம் பல வருஷம் க்ரூப் டான்ஸரா பின்வரிசைல ஆடுனவங்க, அந்த உடம்புல அத்தன வருஷத்து உழைப்பு இருக்கு, அது அடில தெரியுது. இத எப்படி ப்ரோ வரைவீங்க?

கீஃப்ரேம்:

வணக்கம். நான் சென்னைல அனிமேட்டரா இருக்கேன், பதினோரு வருஷமாச்சு. இங்க எப்பவும் படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல. சோடாமூடி கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாம இருக்க முடியல.

எப்படி வரைவீங்கன்னு கேட்டீங்கல்ல, எங்க உடம்ப வச்சுதான் வரையுறோம்.

ஒரு தடவ எனக்கு ஒரு ஷாட்டு வந்துச்சு. மூணு செகண்டு, 74 ஃப்ரேமு, அதாவது 74 தனித்தனி படம். ஒரு காவல்காரன் நெஞ்சுல உதை வாங்கி படிக்கட்டுல பின்னாடி சாயணும், அவ்ளோதான். நானும் ரூம்மேட்டும் மொட்டமாடில பழைய மெத்தையப் போட்டு பாத்து வரையுறதுக்கு ஃபோன்ல ரெஃபரன்ஸ் வீடியோ எடுத்தோம். இருபது தடவைக்கு மேல விழுந்தேன். அப்புறம் அத ஃப்ரேம் ஃப்ரேமா பாத்து வேலை செஞ்சு சூப்பர்வைசர்கிட்ட காட்டுனேன். அவரு ஒரே வார்த்த சொன்னாரு, இடுப்பு முன்னாடி போகுதேன்னு. திரும்பப் பாத்தேன், உண்மைதான். நெஞ்சுல உதை விழுந்தா முதல்ல பின்னாடி போறது நெஞ்சு, தலை ஒரு ஃப்ரேமு ரெண்டு ஃப்ரேமு லேட்டா வரும், இடுப்பு அதுக்கும் அப்புறம், கை ரெண்டும் கடைசியா முன்னாடி வீசும். எல்லாம் ஒண்ணா போனா அது மனுஷன் இல்ல, தக்கைல செஞ்ச பொம்ம. அந்த ரெண்டு ஃப்ரேம சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு, மொத்த ஷாட்டுக்கு ரெண்டு வாரம். நாங்க இத வெயிட்டுன்னு சொல்லுவோம். அடி எவ்ளோ வேகமா விழுதுங்கிறது பெரிசில்ல, வாங்குறவன் உடம்புல அது எங்க ஏறி எங்க இறங்குதுங்கிறதுதான் பாக்குறவன் வயித்த பிசையும்.

லைவ் ஆக்‌ஷன்ல ஒரு அடி சரியா விழலன்னா கட் பண்ணி சவுண்டு போட்டு மறைச்சிடலாம். எங்களுக்கு அந்த வசதி கெடையாது, ஏன்னா எங்க படத்துல தற்செயலா எதுவும் நடக்காது. காத்துல முடி ஆடணும்னாலும் யாராவது ஆட்டணும்.

புளூ ஐ சாமுராய் 2023ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சு, பாத்தீங்களா? அதுல சண்டைங்கள முதல்ல ஸ்டன்ட் ஆளுங்கள வச்சு நெஜமா ஆட வச்சு ஷூட் பண்ணிட்டு, அத வச்சுதான் அனிமேட் பண்ணாங்க. ஹீரோயின் வாள வீசும்போது கால் எங்க ஊனுதுன்னு பாருங்க. பின்னாடி ஒரு மனுஷ உடம்பு இருக்குன்னு தெரியும்.

முதல்வரிசை சொன்ன ஸ்பைடர்வெர்ஸ் பத்தியும் ஒண்ணு சொல்றேன். சாதாரணமா ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேமு. கம்ப்யூட்டர் அனிமேஷன்ல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு புது போஸ் இருக்கும். அந்தப் படத்துல நெறைய இடத்துல ஒரு போஸ ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வச்சாங்க, அதாவது செகண்டுக்கு 12 போஸு, நாங்க ஆன் டூஸ்னு சொல்லுவோம். காட்டுக்குள்ள மைல்ஸும் மூத்த ஸ்பைடர்மேன் பீட்டரும் வலை வீசிப் போற சீன்ல பீட்டர் 24ல போறான், மைல்ஸ் 12ல போறான். அதனாலதான் பெரியவன் வழுக்கிட்டுப் போற மாதிரியும் சின்னவன் தட்டுத்தடுமாறி வர்ற மாதிரியும் நமக்குத் தோணுது, ஏன்னு காரணம் தெரியாமலே தோணுது. மோஷன் ப்ளர்னு சொல்ற அந்த மங்கலையும் எடுத்துட்டாங்க, எந்த ஃப்ரேமுல நிறுத்துனாலும் காமிக்ஸ் பக்கம் மாதிரி துல்லியமா நிக்கும். நீங்க போன்ல நகர்த்திப் பாத்தீங்களே, கண்ணாடி விரலோட வர்றது தெளிவா தெரிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

வைகைக்கரை:

கீஃப்ரேம் அண்ணே, படிச்சிட்டு ரெண்டு நிமிஷம் எதுவும் எழுதத் தோணல. அருமையா சொன்னீங்க.

ஆனா எனக்கு அனிமேஷன்னா இன்னும் ஒரு காயம் இருக்குண்ணே. கோச்சடையான். 2014 மே, மொத நாள் மொத ஷோ, மதுரைல. தலைவர திரைல பாக்கப் போறோம்னு விடியக்காலைல இருந்து நிக்கிறோம். படம் ஓடுது, ரஹ்மான் பாட்டு ஓடுது, குரல் தலைவர் குரல், ஆனா அந்தக் கண்ணு தலைவர் கண்ணு இல்ல. கண்ண நேரா பாக்கும்போது அதுல உசுரு இல்லண்ணே. ஒரு பார்வைல தியேட்டர சாய்க்கிற மனுஷன், அந்தப் பார்வையே இல்லாம நின்னாரு. அந்த முயற்சிய நான் குறை சொல்ல மாட்டேன், நம்ம நாட்டுல நடிகர் உடம்போட அசைவ அப்படிப் பதிவு பண்ணி முழுநீளப் படம் எடுத்தது அதுதான் மொத தடவ, யாராச்சும் ஆரம்பிச்சுதான் ஆகணும். ஆனா அதுக்கப்புறம் எங்க செட்டுல எவனும் அனிமேஷன் படத்துக்கு டிக்கெட் எடுக்க வரல, பத்து வருஷத்துக்கு மேல.

2025 ஜூலைல மஹாவதார் நரசிம்மா வந்தப்ப அம்மாவுக்காகத்தான் போனேன். தமிழ்லயே இருந்துச்சு. முதல் பாதில எனக்கு நெறைய குறை தெரிஞ்சுது, பாத்திரங்க நடக்குறது சில இடத்துல வீடியோ கேம் மாதிரி இருந்துச்சு, கூட்டமா நிக்கிறவங்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தாங்க. ஆனா அந்தக் கடைசி, தூண் பிளந்து நரசிம்மர் வர்றாரு பாருங்க, அங்க இருந்து எங்கம்மா ரெண்டு கையையும் கூப்பினவங்க கீழ இறக்கவே இல்ல. எனக்கு அங்க அனிமேஷன் குறை ஒண்ணும் கண்ணுல படல. பெரிய ஸ்டார் யாருமில்ல, வாய்மொழியாவே ஓடி வசூல்ல 300 கோடிய தாண்டுச்சு. அப்போ கதை நம்மளுதா இருந்தா, கண்ணுல உசுரு இருந்தா, நம்ம சனங்க வருவாங்க. இத யாராச்சும் தமிழ்ல செய்ய மாட்டாங்களான்னு ஏக்கமா இருக்குண்ணே. பொன்னர் சங்கர், மதுரைவீரன், காத்தவராயன்னு எத்தன கதை கெடக்கு.

முதல்வரிசை:

வைகைக்கரை, அந்தக் கண்ணு விஷயம் சரியா புடிச்சீங்க. நெஜ முகத்த அப்படியே காப்பி அடிக்கப் போனா நம்ம மூளை சின்ன தப்பக்கூட மன்னிக்காது. ஸ்பைடர்வெர்ஸ், பிரான்ஸ்ல செஞ்ச ஆர்கேன் சீரிஸ் இதெல்லாம் ஜெயிச்சதுக்குக் காரணம் நெஜம் மாதிரி இருக்கணும்னு ஓடாம கைல வரைஞ்ச மாதிரி தெரியட்டும்னு விட்டதுதான். ஆர்கேன்ல பாலத்து மேல ஜின்க்ஸும் எக்கோவும் மோதுற சீன் பாருங்க. சின்ன வயசுல ரெண்டு பேரும் பெயிண்ட் துப்பாக்கி வச்சு விளையாண்ட விளையாட்டும் இப்ப உசுரு போற சண்டையும் மாறி மாறி வரும். அடிக்கிற எக்கோவோட கை ஒரு இடத்துல நின்னுடும், பழைய சிநேகிதிய பாத்துட்டான்னு தெரியும். ஃபைட்டு கதைய நிறுத்தி வச்சுட்டு வர்றது இல்ல, ஃபைட்டே கதை.

சோடாமூடிக்கு வர்றேன். உங்க வாதத்த நான் லேசா எடுத்துக்கல, ஜாக்கி சான நானும் சாமி மாதிரி கும்புடுறவன், சுட்டி டிவில அவரு கார்ட்டூன தமிழ்ல பாத்துதான் வளந்தேன். ஆனா ஆபத்துதான் அளவுகோல்னு வச்சுக்கிட்டா அது எங்க போய் நிக்கும்னு யோசிங்க. 2025 ஜூலைல நாகப்பட்டினம் பக்கம் ஒரு தமிழ்ப் படத்துக்கு கார் ஸ்டன்ட் எடுக்கும்போது ஒரு ஸ்டன்ட் கலைஞர் இறந்துட்டாரு. பல வருஷம் அனுபவம் உள்ளவரு. அந்த வீடியோவ பாத்ததுக்கு அப்புறம் கார் பறக்குற ஷாட்டு எதப் பாத்தாலும் எனக்கு முதல்ல அவரு ஞாபகம்தான் வருது. நமக்கு விசில் அடிக்கிறதுக்காக ஒருத்தர் வீட்டுக்குத் திரும்பாம போகணுமா? உடம்பு தெரியணும், சரி. உசுரு பணயம் வைக்கணும்னு நான் கேக்க மாட்டேன்.

ஆபத்து மட்டும் இருந்தா படம் நல்லா இருந்துடாதுங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. மேட் மேக்ஸ் ஃப்யூரி ரோடு, 2015. நமீபியா பாலைவனத்துல நெஜ வண்டி, நெஜ ஆளுங்க கம்பத்துல ஆடிக்கிட்டு போறாங்க, எல்லாம் சரி, ஆனா அந்தப் படம் நின்னது எடிட்டிங் டேபிள்ல. மார்கரெட் சிக்ஸல், டைரக்டர் ஜார்ஜ் மில்லரோட மனைவி, அதுக்கு முன்னாடி ஒரு ஆக்‌ஷன் படம் கூட எடிட் பண்ணதில்ல அவங்க. கைல 480 மணி நேர ஃபுட்டேஜ், அதுல இருந்து ரெண்டு மணி நேரப் படம். கிட்டத்தட்ட 2,700 கட்டு இருக்கு! நான் ஆரம்பத்துல திட்டுனேனே அந்த வேகமான கட்டிங்தான், ஆனா இங்க கண்ணு வலிக்காது, ஏன்? முக்கியமான விஷயம் எப்பவும் ஃப்ரேமுக்கு நடுவுல இருக்குற மாதிரியே எடுத்திருக்காங்க. ஷாட் மாறுனாலும் நம்ம கண்ணு தேடி அலைய வேணாம், அதே எடத்துல அடுத்த விஷயம் ரெடியா நிக்கும். எடிட்டிங்குக்கு ஆஸ்கர் குடுத்தாங்க, மொத்தம் ஆறு. அப்போ வேகமான கட்டு மேல எனக்கு கோவம் இல்ல, பாக்குறவன் கண்ணு எங்க இருக்குன்னு யோசிக்காம வெட்டுறவங்க மேலதான்.

நிலாஅம்மா:

தம்பிங்களா, நானும் வரலாமா பேச்சுக்கு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, பெரியவன் பதினாறு, சின்னவ பன்னெண்டு. அனிமேன்னு சொல்ற ஜப்பான் அனிமேஷன் மேல ஒரே பைத்தியம் ரெண்டுக்கும். 2025 செப்டம்பர்ல டெமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காஸில் வந்தப்ப பெரியவன் கூட நான் போக வேண்டியதாப் போச்சு, தமிழ் டப்பிங்லயே. ரெண்டரை மணி நேரத்துக்கும் மேல, சண்டை படம்னு தெரியும், தூங்கிடலாம்னுதான் போனேன்.

கதை தெரிய வேணாம்னு நெனைக்கிறவங்க இந்தப் பத்திய தாண்டிப் போயிடுங்க. அகாசான்னு ஒரு அரக்கன். எத்தன வெட்டினாலும் சாகாதவன். சண்டை உச்சத்துல இருக்கும்போது படத்த அப்படியே நிறுத்திட்டு அவன் மனுஷனா இருந்த காலத்துக்குப் போயிடறாங்க. நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடுன பையன் அவன். அப்புறம் ஒரு குரு கெடைக்கிறாரு, அவரோட நோயாளிப் பொண்ண ராப்பகலா பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறான், கல்யாணம் நிச்சயம் ஆகுது, அவன் வெளிய போன நேரத்துல யாரோ கெணத்துல விஷத்தக் கலந்துடறாங்க. எங்க வீட்டுல மாமியார் ஒன்றரை வருஷம் படுக்கைல இருந்தாங்க, நெத்தில ஈரத்துணி மாத்துறது எனக்கு நல்லாத் தெரியும். அந்தப் பையன் அந்தப் பொண்ணு நெத்தில துணி மாத்துறத பாத்ததும் எனக்குத் தொண்ட அடைச்சிருச்சு. சத்தியமா சொல்றேன், அதுக்கப்புறம் திரும்ப சண்டை ஆரம்பிச்சப்ப யார் ஜெயிக்கணும்னே எனக்குத் தெரியல.

பெரியவன் ஃப்ரெண்டுங்க எல்லாம் ஃப்ளாஷ்பேக்கு நீளம், சண்டைய கெடுத்துருச்சுன்னு சொல்றாங்களாம். எனக்கு அந்த ஃப்ளாஷ்பேக்குனாலதான் சண்டையே புரிஞ்சுது.

இன்னொண்ணு, அனிமேஷன்னா குழந்தைங்க படம்னு நம்பி நாலஞ்சு வயசுப் பிள்ளைங்கள கூட்டிட்டு வந்திருந்தாங்க. ரத்தம் தெறிக்குது, தலை உருளுது. பக்கத்துல ஒரு குட்டி, அப்பா தோள்ல முகத்த பொதச்சிக்கிட்டே இருந்துச்சு. முதல்வரிசை தம்பி சொன்னது ரசிகர்களுக்கு மட்டும் இல்ல, பெத்தவங்களுக்கும் சேர்த்துதான். பொம்மப் படம்தானேன்னு நெனைக்கிறது ரெண்டு பக்கமும் தப்பாப் போகுது.

சோடாமூடி:

அக்கா, நீங்க சொன்ன சீனுக்காகவே அந்தப் படத்த பாக்கப் போறேன்.

முதல்வரிசை ப்ரோ, அந்த நாகப்பட்டினம் விஷயம் எழுதுனீங்கல்ல, எனக்கு பதில் இல்ல. அந்தக் குடும்பத்த நெனச்சா கஷ்டமா இருக்கு. ஆனா ஒண்ணு, அதுக்கு வழி ஸ்டன்ட விட்டுடறது இல்ல, ஸ்டன்ட் ஆளுங்கள மதிக்கிறதுதான். நம்ம நாட்டுல நேஷனல் அவார்டுல ஸ்டன்டுக்குன்னு தனி விருது 2016 படங்கள்ல இருந்தே இருக்கு, முதல் விருது புலிமுருகனுக்கு பீட்டர் ஹெய்ன் வாங்குனாரு, அப்புறம் நம்ம ஸ்டன்ட் மாஸ்டருங்க அன்பறிவ் கேஜிஎஃப்புக்கு வாங்குனாங்க. ஆஸ்கர்காரங்க இப்பதான் 2025 ஏப்ரல்ல முழிச்சிக்கிட்டு, 2027ல வர்ற படங்கள்ல இருந்து ஸ்டன்ட் டிசைனுக்கு விருது குடுக்குறோம்னு சொல்லியிருக்காங்க. நூறு வருஷம் கழிச்சு!

அப்புறம் அனிமேஷன் பக்கமும் எல்லாம் பாலும் தேனும்னு சொல்லாதீங்க. அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ் 2023ல வந்தப்ப, வேலை செஞ்சவங்க கிட்டத்தட்ட நூறு பேரு வேலைப்பளு தாங்காம நடுவுலயே போயிட்டாங்கன்னு செய்தி வந்துச்சு, முடிச்ச ஷாட்டையே திரும்பத் திரும்ப மாத்த சொன்னாங்களாம். அங்கயும் மனுஷன் உடம்புதான் போகுது. கீஃப்ரேம் அண்ணா, இது உண்மையா, உங்க அனுபவம் என்ன?

கீஃப்ரேம்:

அந்தப் படத்துல நான் வேலை செய்யல, அதனால அத பத்தி பேச மாட்டேன். என் அனுபவம் சொல்றேன். ஒரு வெளிநாட்டு சீரிஸுக்கு ஏழு மாசம் வேலை செஞ்சோம், கடைசி ஆறு வாரம் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வீட்டுக்குப் போவோம். சீரிஸ் வந்தப்ப அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு கடைசி வரைக்கும் பாத்தேன், பேரு ஓடுது ஓடுது, எங்க டீம்ல பாதிப் பேரு பேரு இல்ல. அம்மா கண்ணாடிய போட்டுக்கிட்டு டிவி பக்கத்துல போய் நின்னு தேடுனாங்க. எத்தன வருஷமானாலும் மறக்காது அது. அந்த ஸ்டுடியோ பேர இங்க எழுத விரும்பல.

ஆனாலும் இந்த வேலைய விட மாட்டேன். வைகைக்கரை கேட்டீங்களே தமிழ்ல யாராச்சும் செய்ய மாட்டாங்களான்னு. ஃப்ளோன்னு ஒரு படம், 2024, லாட்வியால இருந்து. ஒரு பூனை, ஒரு வெள்ளம், ஒரு வசனம் கெடையாது. ப்ளெண்டர்ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல செஞ்சது. செலவு சுமார் 35 லட்சம் யூரோ, நம்ம காசுக்கு முப்பது கோடி சொச்சம், ஹாலிவுட் அனிமேஷன் பட்ஜெட்டுல அது ஒரு மூலைக்குக் கூட வராது. அந்தப் படம்தான் ஆஸ்கர்ல பெரிய ஸ்டுடியோ படங்கள தாண்டி ஜெயிச்சுது. இங்க திறமைக்கு என்ன குறை? ஊர் ஊரா பசங்க ப்ளெண்டர் கத்துக்கிட்டு இருக்காங்க. நம்ம கதைய நம்பி, டைம் குடுத்து, பேரு போட்டு வேலை வாங்குற ஒரு ப்ரொட்யூசர் வந்தா போதும்.

முதல்வரிசை:

உங்க அம்மா டிவி பக்கத்துல போய் நின்னது எனக்கு இன்னைக்கு முழுக்க மனசுல நிக்கும் அண்ணே. இனிமே பேரு ஓடி முடியுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.

இப்ப ஸ்டன்ட்ல இருந்து வந்தவங்க பத்தி. ஜான் விக் டைரக்டர் சாட் ஸ்டஹெல்ஸ்கி, மேட்ரிக்ஸ்ல கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவரு. டூப் போட்டவரு ஹீரோவ டைரக்ட் பண்றாரு, அப்ப அவருக்கு என்ன தெரியும்னா, தன்னோட ஆளு கஷ்டப்பட்டுப் போடுற அடிய கட் பண்ணி வீணாக்கக் கூடாதுன்னு தெரியும். நாலாம் பாகம், 2023, பாரிஸ்ல ஒரு பழைய வீட்டுக்குள்ள சண்டை, கேமரா மேல ஏறி கூரைய எடுத்துட்ட மாதிரி மேல இருந்தே பாக்குது, ரூம் ரூமா ஜான் விக் போறான், எந்த ரூம்ல யாரு ஒளிஞ்சிருக்கான்னு அவனுக்கு முன்னாடி நமக்குத் தெரியுது, துப்பாக்கில இருந்து நெருப்பு பாயுது, கட்டே இல்லாம ஓடுது. அப்புறம் அந்தப் படிக்கட்டு, 222 படி, சூரியன் உதிக்கிறதுக்குள்ள மேல போயாகணும், ஒவ்வொரு படியா அடிச்சு ஏறி மேல வந்துட்டான், அங்க ஒரு உதை, கீழ வரைக்கும் உருண்டு உருண்டு வர்றான். தியேட்டர்ல ஒரு சத்தம் எழுந்துச்சு பாருங்க, எல்லாரும் ஐயோன்னாங்க. ஏன்னா அந்தப் படி ஒவ்வொண்ணையும் அவன் எப்படி ஏறுனான்னு நாம பாத்திருக்கோம், அது நம்ம கால்லயும் வலிக்குது. படம் 169 நிமிஷம், நடுவுல பெர்லின் கிளப் சீன்ல ஒரு பத்து நிமிஷம் குறைச்சிருக்கலாம்ங்கிறது என் கருத்து, ஆனா அந்தப் படிக்கட்டுக்காக எல்லாத்தையும் மன்னிப்பேன்.

நம்ம பக்கம் கைதி. 2019 தீபாவளிக்கு வந்துச்சு. ஒரே ராத்திரி, ஒரு லாரி, பாட்டு இல்ல, ஹீரோயின் இல்ல. அன்பறிவ் மாஸ்டர்ஸ் சண்டை. அதுல ஹீரோ டில்லி அடிக்கும்போது அவரு களைச்சுப் போறது தெரியும், மூச்சு வாங்கும். பொண்ண பாக்கணும்னு போற மனுஷனோட அடி அது. பத்து பேர் கயிறுல பறக்குற ஃபைட்டுல இல்லாத ஒண்ணு அதுல இருக்கு. மலையாளத்துல அங்கமாலி டைரீஸ் க்ளைமாக்ஸ் பதினோரு நிமிஷம் ஒரே ஷாட்டு, அதையும் பாக்காதவங்க பாருங்க. ஹிந்தில கில், முழுக்க ட்ரெயினுக்குள்ள, அந்தக் குறுகலான நடைபாதைல கை நீட்டி அடிக்கவே இடம் இருக்காது, முழங்கையும் முட்டியும்தான், அந்த இடநெருக்கடியே சண்டைய டிசைன் பண்ணுது. கோர வன்முறை, எல்லாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒண்ணு, கேபாப் டீமன் ஹன்டர்ஸ். 2025 நெட்ஃப்ளிக்ஸ். பொண்ணுங்க படம்னு நெனச்சு என் செட்டுல எவனும் தொடல. ஆரம்பத்துல விமானத்துக்குள்ள ஒரு சண்டை, ஹீரோயினுங்க சண்டை போட்டுக்கிட்டே பாடுறாங்க, பாட்டோட தாளத்துக்கு அடி விழுது, அப்படியே விமானத்துல இருந்து குதிச்சு நேரா மேடைல வந்து இறங்குறாங்க. பாட்டையும் ஃபைட்டையும் எழுவது எண்பது வருஷமா ஒரே படத்துல வச்சிருக்கோம் நாம, ஆனா தனித்தனி டப்பாவுலதான் வச்சிருக்கோம். ரெண்டையும் ஒண்ணாப் பின்னுனா எப்படி இருக்கும்னு அவங்க காட்டிட்டாங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு, உண்மையச் சொல்றேன்.

வைகைக்கரை:

அந்தப் படத்த என் தங்கச்சி முப்பது தடவ பாத்துருக்கா. இன்னைக்கு அவ கூட உக்காந்து பாத்துட்டு வந்து சொல்றேன்.

சோடாமூடி:

ரெண்டு நாளா வரல, வேலை. நேத்து ராத்திரி அக்கா பையனுக்காக புஸ் இன் பூட்ஸ் தி லாஸ்ட் விஷ் போட்டேன், 2022ல வந்தது. இங்க இவ்ளோ பேசுனதுனால கவனிச்சுப் பாக்கணும்னே உக்காந்தேன்.

அந்த மதுக்கடை சீன். ஓநாய் வந்து பக்கத்துல உக்காருது, விசில் அடிக்குது. ஹீரோ பூனை வழக்கம்போல அலட்டிக்கிட்டு வாள உருவுது. ரெண்டு அரிவாள் மாதிரி ஆயுதம் ஓநாய் கைல. சண்டைல அசைவு வேணும்னே விட்டு விட்டுப் போகுது, கீஃப்ரேம் அண்ணா சொன்ன அந்த 12 கணக்குன்னு இப்ப எனக்கே தெரிஞ்சுது. ஒவ்வொரு அடியும் எங்க வருதுன்னு தெரியுது. அப்புறம் ஒரே ஒரு கீறல், பூனை நெத்தில. ஒரு சொட்டு ரத்தம் மெதுவா இறங்குது. இதுவரைக்கும் எந்த வாளும் தொடாத பூனை அது. உடம்புல இருக்குற முடி மொத்தமும் அப்படியே சிலுத்துக்கிட்டு நிக்குது, கண்ணுல கருவிழி விரியுது.

அக்கா பையனுக்கு எட்டு வயசு. ரிமோட்ட எடுத்து நிறுத்திட்டு என்கிட்ட கேட்டான், "மாமா, பூனைக்கு வலிக்குதா?"

வலிக்குதுடான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தான், அப்புறம் அவனே திரும்பப் போட்டான்.